மாதிரித் துணியை மூடி வையுங்கள்

(கோடை விடுமுறைத் தொடக்கத்தில் ஒரு நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பள்ளிக்கூடம் லீவு விட்ட பிறகும் அம்மா கையைப் பிடித்து இழுத்து வந்ததால் பிள்ளைகளும் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.

அறிமுகம் செய்த தம்பி என்னைத் 'தையற்கலை வல்லுநர்' என்றார். நான் தையல் டீச்சர். அரசுப் பதிவேட்டில் 'சிறப்பாசிரியர்' என்று எழுதுவார்கள். என்ன சிறப்பு என்றால், பரீட்சை நெருங்கியதும் முதலில் பறிபோவது எங்கள் பாடவேளைதான். கணக்கு டீச்சர் வாசலில் வந்து நின்று, "டீச்சர், இந்த ஒரு பீரியடு மட்டும்..." என்பார். அந்த வாக்கியத்தை அவர் முடித்ததே இல்லை. அதற்குள் நான் எழுந்துவிடுவேன்.

அந்தக் குறையைச் சொல்லி அழ நான் வரவில்லை. கையில் கிடைத்த பாடவேளைகளில் நான் என்ன செய்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

ஆறங்குலச் சதுரத்தில் வெள்ளைத் துணி. அதில் ஓட்டுத் தையல் ஒரு வரி, பின் தையல் ஒரு வரி, சங்கிலித் தையல் ஒரு வரி. அடுத்த துண்டில் ஹெம்மிங். அதற்கடுத்ததில் ஒரு காஜா, ஒரு பட்டன், ஒரு கொக்கி, கொக்கிக்கு எதிரே நூலால் ஒரு வளையம். எல்லாவற்றையும் ரெக்கார்டு நோட்டில் ஒட்டி, கீழே பெயரெழுதி, என்னிடம் நீட்டுவார்கள். நான் சிவப்பு மையில் மார்க் போடுவேன். அந்தக் காஜாவுக்குள் ஒரு பட்டனும் நுழைந்ததில்லை. கரையான் மட்டும் நுழைந்தது.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். "டீச்சர், என்னைத் தெரியுதா? நீங்க எனக்குக் காஜாவுக்குப் பத்துக்கு ஒன்பது போட்டீங்க" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அவள் சிரித்துக்கொண்டே தொடர்ந்தாள்: "ஆனா இன்னைக்கும் ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்ட டைலர் கடைக்குத்தான் டீச்சர் போறேன்."

அவள் இறங்கிப் போனபின் அந்த ஒன்பது மார்க்கைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன். தைக்கத் தெரிந்த கைதான் அது. ஆனால் வீட்டில் இருக்கும் ஜாக்கெட்டும் நோட்டில் இருக்கும் மாதிரியும் ஒரே உலகத்தில் இருப்பவை என்று அந்தக் கைக்கு நான் சொல்லித்தரவில்லை. அன்றிலிருந்து நான் யாரைப் பார்த்தாலும் சொல்வது இதைத்தான்: பிள்ளைக்குத் தையல் பழக்க வேண்டுமா? மாதிரி தைக்க விடாதீர்கள். வீட்டில் நாளைக்கு வேண்டியிருக்கிற பொருளைத் தைக்க விடுங்கள்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. எனக்குத் தையல் சொல்லித்தந்த என் அப்பத்தாவுக்குக் கையெழுத்துப் போடவே தெரியாது. ஆனால் ஒரு பதினாறு முழக் கண்டாங்கியை அது நூலாகிப் போகிற வரைக்கும் எப்படி நடத்திக்கொண்டு போவது என்று தெரியும். சேலை முதலில் நைவது உட்காருகிற இடத்தில். முந்தி நன்றாகவே இருக்கும். நைந்த பகுதியைக் கிழித்தெடுத்துவிட்டு, நல்ல பகுதிகளை மூட்டி இன்னும் இரண்டு வருஷம் கட்டுவார். அதற்குப் பிறகு அது பேத்திக்குப் பாவாடை. பிறகு வீட்டில் பிறந்த பிள்ளைக்குத் தூளி. தூளியில் ஆடி மெத்தென்று ஆன துணி அடுத்த பிள்ளைக்குக் கீழ்விரிப்பு. நாலைந்து பழந்துணிகளை அடுக்கி, விளிம்பிலிருந்து நடு வரைக்கும் ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே போனால் விரிப்பு. வங்காளத்தில் இந்த வேலைக்குக் 'காந்தா' என்று பெயர் வைத்துக் கண்காட்சியில் தொங்கவிடுகிறார்கள். நம் வீடுகளில் அதற்குப் பெயர்கூட வைக்காமல் பிள்ளை மூத்திரத்துக்கு விரித்துவிட்டோம். விரிப்பும் கிழிந்தால் அடுப்படியில் பிடிதுணி. கடைசியாகக் கரித்துணி.

இந்த வரிசையில் ஒவ்வொரு படிக்கும் ஒரு தையல் உண்டு. ஒவ்வொரு தையலுக்கும் அந்த வீட்டில் ஒரு பிள்ளை உண்டு. ஊசியில் நூல் கோத்துக் கொடுக்க அப்பத்தாவுக்கு எங்கள் கண்கள் வேண்டும். அப்படித்தான் நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

எனக்கு அவர் கொடுத்த முதல் வேலை தைப்பது இல்லை, பிரிப்பது. வளர்கிற பிள்ளைக்குப் பாவாடை தைத்தால் கீழே இரண்டு மூன்று டக் பிடித்துத் தைப்பார்கள். இங்கே இருக்கிற அம்மாக்களுக்கு நினைவிருக்கும். தீபாவளிக்குத் தீபாவளி ஒரு டக்கைப் பிரித்துவிட்டால் பாவாடை நம்மோடு சேர்ந்து இரண்டங்குலம் வளரும். பிரித்த இடத்தில் வெயில் படாத பழைய நிறத்தில் ஒரு கோடு இருக்கும். கோட்டை எண்ணினால் பாவாடை எத்தனை தீபாவளி பார்த்தது என்று சொல்லிவிடலாம். எனக்கு அதில் வெட்கம்தான். ஊரிலே எல்லாப் பிள்ளைகளுக்கும் கோடு இருந்ததால் தப்பித்தேன். ஊக்கு நுனியால் ஒரு தையலைத் தூக்கி, அடுத்ததை விட்டு, அதற்கடுத்ததைத் தூக்கி, துணி கிழியாமல் நூலை உருவ வேண்டும். அப்படிப் பிரித்துப் பிரித்துத்தான் தையல் எப்படி நிற்கிறது என்று எனக்குப் புரிந்தது. பிற்பாடு எங்கள் தையல் ஆசிரியர் பயிற்சியில் பிரிப்பதற்கு ஒரு பாடமும் இருக்கவில்லை. தப்பாகத் தைத்தால் வேறு துண்டு எடுத்துக்கொள் என்பார்கள்.

தீபாவளி என்றதும் இன்னொன்று. ஒரே தானில் துணி எடுத்து, அண்ணனுக்குச் சட்டை, அக்காவுக்குப் பாவாடை, எனக்குக் கவுன், தம்பிக்கு டவுசர் என்று தைத்துப் போட்டுத் தெருவில் இறக்கிவிடுவார்கள். பேண்டு வாத்தியக்காரர்கள் போல இருப்போம். மிச்சத் துணி தலையணை உறையாகும், அதிலும் மிஞ்சினால் ரேடியோவுக்கு ஒரு உறை. துணியை மேசையில் விரித்து, யாருக்கு எங்கே வெட்டினால் வீணாகாது என்று அம்மா கணக்குப் போடுவதைச் சுற்றி நின்று பார்ப்போம். பரப்பளவு என்ற கணக்கை நான் அங்கேதான் பார்த்தேன். என் பாடவேளையைப் பிடுங்கிக்கொண்ட கணக்கு டீச்சரிடம் இதை ஒருநாளாவது சொல்லியிருக்கலாம்.

சரி, மிஷினுக்கு வருவோம். 1924இல் சாந்திநிகேதனத்தில் படித்துக்கொண்டிருந்த ராமச்சந்திரன் என்ற இளைஞர் காந்தியிடம், நீங்கள் எல்லா இயந்திரங்களுக்கும் விரோதியா என்று கேட்டார். இல்லை என்ற காந்தி, உதாரணத்துக்குச் சொன்னது சிங்கர் தையல் மிஷினை. மனைவி கையால் தைத்துத் தைத்து அலுப்பதைப் பார்த்த சிங்கர், அவள்மேல் இருந்த அன்பால் அதைச் செய்தார் என்பது காந்தி சொன்ன காரணம். அந்த உரையாடல் 'யங் இந்தியா'வில் வந்தது. கேள்வி கேட்ட இளைஞர்தான் பின்னாளில் டாக்டர் சௌந்தரம் அம்மையாரோடு சேர்ந்து 1947இல் திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கிய ஜி. ராமச்சந்திரன்.

காந்தி சொன்ன காரணம் அழகானது. ஆனால் ஐசக் சிங்கரின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தால் அந்த அன்பான கணவரை அதில் தேடிப்பிடிப்பது கஷ்டம். ஒரே காலத்தில் பல குடும்பங்கள் வைத்திருந்தவர், இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தகப்பன். 1851இல் அவர் காப்புரிமை வாங்கியது பணத்துக்காகத்தான். அவருக்கு ஐந்து வருஷம் முன்னாலேயே, 1846இல், எலியாஸ் ஹோவ் என்பவர் ஊசி நுனியில் காது வைத்த மிஷினுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். சிங்கர் கம்பெனியின் பெரிய சாமர்த்தியம் தவணையில் விற்றது. இந்தியாவிலும் சிங்கர் வீட்டுக்கு வீடு வந்தது. 1930களில் கல்கத்தாவில் உஷா தயாரானது.

ஊசி நுனியில் காது என்றேனே, அதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கை ஊசிக்குக் காது வாலில், மிஷின் ஊசிக்குக் காது மூக்கில். ஏன் என்று கேட்பார்கள். ஷட்டிலை மூடியிருக்கும் தகட்டை நகர்த்திவிட்டு, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றச் சொல்லுங்கள். ஊசி கீழே போய் லேசாக மேலெழும்போது நூல் ஒரு வளையமாகும். ஷட்டில் மூக்கு அந்த வளையத்துக்குள் நுழைந்து பாபின் நூலைச் சுற்றிப் போகும். மேல் நூலும் கீழ் நூலும் துணிக்கு நடுவில் கைகோத்துக்கொள்ளும். இதை ஒருமுறை கண்ணால் பார்த்த பிள்ளை, கீழ்த் தையல் கொசகொசவென்று வந்தால் அழாது. நூலின் இழுப்பைச் சரிபார்க்கும்.

ஆனால் எடுத்த எடுப்பில் மிஷின் வேண்டாம். என் பேரனுக்கு எப்படிப் பழக்கினேன் என்று சொல்கிறேன்.

நாலரை வயதில் பழைய காலண்டர் அட்டையில் ஆணியால் ஓட்டை போட்டு, ஷூ லேஸைக் கொடுத்தேன். மேலே போ, கீழே வா. அவ்வளவுதான். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரி, மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு மரச்சட்டத்தில் துணி கட்டி, பட்டன் போடவும் நாடா முடியவும் விட்டார். அந்தச் சட்டம் நம் வீட்டில் வேண்டாம். அப்பாவின் சட்டை போதும்.

ஆறு வயதில் சணல் சாக்குத் துண்டும் முனை மழுங்கிய பெரிய ஊசியும் கம்பளி நூலும். ஏழில் உண்மையான ஊசி. கை ஊசியில் எண் ஏற ஏற ஊசி மெலியும். மிஷின் ஊசியில் எண் ஏற ஏற ஊசி தடிக்கும். யார் இப்படி வைத்தார்களோ, முப்பது வருஷமாகப் பிள்ளைகளிடம் நான் இதற்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றிருக்கிறேன். பிள்ளைக்கு எண் சிறிய, தடித்த கை ஊசி வாங்குங்கள். நூல் அந்தப் பிள்ளையின் முழத்துக்கு ஒரு முழம். நீளமாக எடுத்தால் சிக்கு விழும், சிக்கு விழுந்தால் ஊசியைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடும். எத்தனை ஊசி டப்பாவிலிருந்து எடுத்தோமோ அத்தனையும் எண்ணித் திரும்ப வைக்க வேண்டும். விளக்கு வைத்த பிறகு ஊசி இரவல் கொடுக்கக்கூடாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். லட்சுமி போய்விடுவாள் என்பார்கள். சிம்னி விளக்கு வெளிச்சத்தில் கீழே விழுந்த ஊசி யார் காலில் ஏறும் என்ற பயம்தான் அதற்குள் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

முதல் வேலை பட்டன். அவனுடைய பள்ளிச் சட்டையில் விழுந்த பட்டன்தான், மாதிரித் துணியில் இல்லை. பட்டன் மேல் ஒரு தீக்குச்சியை வைத்து அதைச் சேர்த்துத் தைக்கச் சொன்னேன். நாலு ஊசி ஏறி இறங்கியதும் குச்சியை உருவிவிட்டால் கொஞ்சம் தொய்வு கிடைக்கும். அந்தத் தொய்வில், பட்டனுக்கு அடியில் நூலை நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். அப்போதுதான் காஜாத் துணி உட்கார இடம் இருக்கும். கடைச் சட்டையில் இந்தச் சுற்று பெரும்பாலும் இருக்காது, அதனால்தான் விழுகிறது.

அடுத்தது பை. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசே திட்டம் கொண்டுவந்தது. ஆனால் மஞ்சப்பையையும் நாம் கடையில்தானே வாங்குகிறோம்? அளவு சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். பதினைந்து அங்குல அகலம், முப்பத்து நாலு அங்குல நீளம். இரண்டு ஓரத்தையும் இரண்டிரண்டு அங்குலம் மடித்துத் தைத்தால் வாய் ஆயிற்று. இரண்டாக மடித்து, இரண்டு பக்கமும் அரை அங்குலம் விட்டுப் பின் தையல். கைப்பிடிக்கு மூன்றங்குல அகலத்தில் இருபது அங்குல நீளத்தில் இரண்டு பட்டி. நைந்த வேட்டியைக் கொடுக்காதீர்கள், தையல் நிற்கும், துணி நிற்காது.

என் பேரன் ஐந்து நாள் தைத்தான். ஒரு கைப்பிடி நீளம், ஒரு கைப்பிடி குட்டை. இரவில் அவன் தூங்கியதும் என் மகள் அதைப் பிரித்துச் சரியாகத் தைத்து வைக்கப் போனாள். கையைப் பிடித்துத் தடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையையே எடுத்துக்கொண்டு அவனோடு காய்கறிக் கடைக்குப் போனேன். கத்தரிக்காயைக் கொட்டிய அம்மா, "என்னம்மா பை ஒரு பக்கமாச் சாயுது? காலொடிஞ்ச மாடு மாதிரி" என்றார். பேரன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை ஊக்கை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "அம்மாச்சி, பிரிக்கிறது எப்படி?"

முப்பது வருஷம் நான் போட்ட சிவப்பு மையைப் பார்த்து ஒரு பிள்ளைகூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

பத்து வயதில் மிஷினில் உட்கார வைத்தேன். கால் மிஷின்தான், மோட்டார் வேண்டாம். முதல் வாரம் நூல் கிடையாது. கோடு போட்ட நோட்டுத் தாளில், கோட்டின் மேலேயே ஊசி ஓட்ட வேண்டும். ஆரம்பத்தில் எல்லாப் பிள்ளைக்கும் சக்கரம் பின்னால்தான் சுற்றும், நூல் இருந்தால் அறுந்துகொண்டே இருக்கும். கால் பழகிய பிறகு நூல். ஊசிக்கும் விரலுக்கும் நடுவில் மூன்று விரல் இடம். இந்த விதியை எனக்கு யாரும் சொல்லவில்லை, பதின்மூன்று வயதில் என் ஆள்காட்டி விரல் நகத்தில் ஊசி ஏறிக் கற்றுக்கொண்டேன். முதலில் தைக்க வேண்டியது தாத்தாவின் கைலி. கைலி மூட்டுவதற்கு நேர்க்கோடு ஒன்றே போதும். தாத்தா அதைக் கட்டிக்கொண்டு தெருத்திண்ணையில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவார். அதைவிடப் பெரிய சான்றிதழ் எந்தப் பரீட்சையிலும் கிடையாது.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். பிள்ளைகளை வேலை வாங்குகிறீர்களா என்று. நியாயமான கேள்வி, இதைத் தாண்டிப் போக நான் விரும்பவில்லை.

முன்பெல்லாம் நம் டைலர் கடைகளில் 'காஜா பையன்' என்று ஒருவன் இருப்பான். எட்டு, பத்து வயதில் கொண்டுவந்து விடுவார்கள். டீ வாங்கி வருவான், கடை கூட்டுவான், காஜா எடுப்பான், பட்டன் கட்டுவான். தீபாவளிக்கு முந்தின பத்து நாள் இரவு முழுக்கக் காஜா. வருஷக்கணக்கில் காஜாவிலேயே உட்கார்ந்து, மேஸ்திரி மனது வைத்தால் மிஷினில் ஏறுவான். திருப்பூரில் கைமடிக்கவும் பிசிறு வெட்டவும் பிள்ளைகள் போன காலமும் உண்டு. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 2016இல் வந்த திருத்தம் பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக்கூடாது என்றது. ஆனால் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு சந்தும் விட்டது. அந்தச் சந்து எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்குள்ளேயே பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் குடும்பங்கள் எத்தனை என்று நமக்குத் தெரியும்.

எங்கே கோடு போடுவது? நான் போடுகிற கோடு இது: பிள்ளை தைத்தது யார் உடம்பில், யார் கையில் போகிறது? தன் வீட்டார் உடம்பிலா, முகம் தெரியாத வாடிக்கையாளர் உடம்பிலா? பாதியில் எழுந்து விளையாடப் போனால் யாராவது அடிப்பார்களா? அடிப்பார்கள் என்றால் அது கூலி வேலை.

கூலி வேலையிலும் ஒரே நிறம் கிடையாது. நாகர்கோவிலில் 1819இல் தொடங்கிய மிஷன் பெண்கள் பள்ளியில், மால்ட் அம்மையார் லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்தார். அந்த லேஸ் விற்ற காசில் அடிமைத்தனத்திலிருந்து மீண்ட பெண்கள் இருந்ததாக மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. அதே மண்ணில்தான் நாடார் பெண்கள் மேல்சட்டை போடுவதற்காகப் பல பத்தாண்டுகள் அடி வாங்கினார்கள். 1859இல்தான் திருவிதாங்கூர் அரசு மத வேறுபாடு இல்லாமல் எல்லா நாடார் பெண்களும் ஜாக்கெட் போட அனுமதித்தது. இரண்டு கை நீளத் துணியை வெட்டி மூட்டினால் ஆகிற பொருளுக்காக அத்தனை அடி.

கடைசியாகப் பையன்களைப் பற்றி. அரசு தையல் மிஷின் கொடுக்கிறது, ஏழைப் பெண்களுக்கு. பள்ளியில் தையல் வகுப்பு நடந்தது, பெண் பிள்ளைகளுக்கு. ஆனால் தெருவில் கடை போட்டிருக்கும் டைலர் பெரும்பாலும் ஆண். காசு வந்தால் ஆண் தைக்கலாம், காசு வராத தையல் பெண்ணுக்கு. காந்தி புகழ்ந்த மிஷினும் மனைவியின் அலுப்பைக் குறைத்ததே தவிர, அந்த வேலையைக் கணவன் பக்கம் நகர்த்தவில்லை. புறநானூற்றில் சாத்தந்தையார் பாடிய பாட்டு ஒன்று உண்டு, எண்பத்திரண்டாவது. ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவிக்குப் பிரசவ வேளை, மழை பெய்கிறது, பொழுது சாய்கிறது, கட்டிலுக்கு வார் பின்னுகிறவன் ஊசியை எவ்வளவு வேகமாக ஓட்டுவான்? அந்த வேகத்தில் சோழன் போரிட்டானாம். அந்தத் தொழிலாளியைப் பாட்டு மரியாதை இல்லாத சொல்லால்தான் குறிக்கிறது. ஆனாலும் அரசனின் வீரத்தை அளக்கக் கிடைத்த அளவுகோல் அவன் கையிலிருந்த ஊசி. ஊசி பிடித்தால் ஆண்பிள்ளைக்கு இழுக்கு என்று நமக்கு யார் சொன்னது?

நேரமாகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறேன். ஊசி, நூல்கண்டு, ஒரு தீப்பெட்டி, என் பட்டன் டப்பா எல்லாம் அங்கே இருக்கின்றன. இங்கே உட்கார்ந்திருக்கிற சட்டைகளில் பட்டன் இல்லாத சட்டை மட்டும் ஏழு எண்ணினேன். சட்டைக்காரர்கள் வந்து நில்லுங்கள், தைக்க வேண்டியது பிள்ளைகள். எத்தனை ஊசி எடுக்கிறீர்களோ, எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.